சொல்லைத் தேடிப் பாலைவனம் கடந்தவர்

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே அமைந்துள்ள நாடு ஹங்கேரி. அந்நாட்டின் மேற்கே ஜெர்மன் மொழி பேசப்படுகிறது. வடக்கிலும் தெற்கிலும் சிலாவிய மொழிகள் வழங்குகின்றன. கிழக்கே ருமேனிய மொழி ஒலிக்கிறது. இவை அனைத்தும் இந்தோ-ஐரோப்பியம் எனப்படும் ஒரே பெருங்குடும்பத்தைச் சார்ந்தவை. ஆனால், இவற்றின் நடுவே வாழும் ஹங்கேரிய மொழிக்கு இவற்றுள் எதனோடும் பிறப்புறவு இல்லை. கடலால் சூழப்பட்ட தீவைப்போல் அது தனித்து நிற்கிறது.

அந்நாட்டின் பெருஞ்சமவெளியில் குதிரை மேய்ப்பதும் மாடு மேய்ப்பதும் நெடுங்காலமாக மதிப்பிற்குரிய தொழில்களாக இருந்து வந்துள்ளன. இன்று உலகின் பல உணவகங்களில் கிடைக்கும் 'கூலாஷ்' என்னும் இறைச்சிக் குழம்பின் பெயரே இதற்குச் சான்றாகும். ஹங்கேரிய மொழியில் அச்சொல் முதலில் மாட்டு மந்தையை மேய்ப்பவரையே குறித்தது. மேய்ப்பர்கள் திறந்தவெளியில் சமைத்த உணவு பின்னாளில் அவர்களின் பெயரையே பெற்றது.

ஹங்கேரியர்களின் முன்னோர் 895ஆம் ஆண்டளவில், ஆர்பாட் என்னும் தலைவரின் கீழ், கிழக்கிலிருந்து குதிரைகளோடும் மந்தைகளோடும் வந்து இந்நிலத்தில் குடியேறினர். அவர்கள் பேசிய மொழி எங்குத் தோன்றியது? அதன் உறவினர் யார்? இக்கேள்விக்கு விடை காண, கந்தலாடை அணிந்து, கொடிய பாலைவனங்களைக் கடந்து, நாடோடி மேய்ப்பர்களின் கூடாரங்களுக்கே சென்றார் ஓர் அறிஞர். அவரே ஆர்மின் வாம்பேரி.

ஊன்றுகோலும் புத்தகமும்

வாம்பேரி 1832ஆம் ஆண்டு சென்ட்ஜியோர்ஜ் என்னும் சிற்றூரில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று ஹங்கேரி அரசின் பகுதியாக இருந்த அவ்வூர், இன்று சுலோவாக்கியா நாட்டில் உள்ளது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை மறைந்தார். சிறுவயதிலேயே ஒரு கால் பாதிக்கப்பட்டதால், பல ஆண்டுகள் ஊன்றுகோலின் துணையோடுதான் அவரால் நடக்க முடிந்தது. பின்னர் ஊன்றுகோலை விட்டுவிட்டபோதிலும், கால் ஊனம் வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை.

வறுமையின் காரணமாக அவர் இளம் வயதிலேயே வேலைக்குச் செல்ல நேர்ந்தது. பெண்களின் உடைகளைத் தைக்கும் தையற்காரர் ஒருவரிடம் சிலகாலம் தொழில் பழகினார். பின்னர், விடுதிக்காரர் ஒருவரின் மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பித்துக் கிடைத்த சிறு வருவாயைக் கொண்டே தாமும் பள்ளியில் படித்தார். பசி அவருக்குப் பழகிய ஒன்றாக இருந்தது.

ஆயினும், அவரிடம் ஒரு பெருஞ்செல்வம் இருந்தது. அதுவே அவருடைய நினைவாற்றல். நாள்தோறும் இத்தனை புதிய சொற்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டு அவர் மனனம் செய்தார். ஹங்கேரியம், ஜெர்மன், எபிரேயம், இலத்தீன், பிரெஞ்சு எனத் தொடங்கிய அவருடைய மொழிப்பயிற்சி விரைவில் துருக்கி, பாரசீகம், அரபு ஆகிய கீழ்த்திசை மொழிகளுக்கும் பரவியது. இவற்றுள் பெரும்பாலானவற்றை அவர் ஆசிரியரின்றித் தாமாகவே கற்றுக்கொண்டார். துருக்கி மொழியைப் படித்தபோது சில சொற்கள் அவரை வியப்பில் ஆழ்த்தின. ஆப்பிளைக் குறிக்கும் துருக்கிச் சொல் 'எல்மா'. ஹங்கேரியச் சொல்லோ 'அல்மா'. வாற்கோதுமைக்கு இரு மொழிகளிலும் 'அர்பா' என்றே பெயர். தொலைதூரத்தில் வாழும் இரு மக்களின் நாவில் ஒரே சொல் எவ்வாறு ஏறியது என்னும் கேள்வி அவர் மனத்தில் வேரூன்றியது.

மீன் வாடையும் குதிரைக் குளம்பொலியும்

இக்கேள்வி அவருக்கு முன்பே ஹங்கேரியில் எழுந்திருந்தது. 1769ஆம் ஆண்டு, யானோஷ் ஷொய்னோவிச் என்னும் பாதிரியார், வானியல் ஆய்வுக்காக நார்வேயின் வடகோடிக்குச் சென்றார். அங்கே கலைமான்களை மேய்த்து வாழ்ந்த சாமி இன மக்களின் பேச்சைக் கேட்டார். அதற்கும் தம் தாய்மொழிக்கும் இடையே ஒற்றுமை இருப்பதைக் கண்டு, மறு ஆண்டே அதைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். ஹங்கேரியம், பின்லாந்து மொழி, சாமி மொழி ஆகியவை ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை என்னும் கருத்து இவ்வாறு வலுப்பெறத் தொடங்கியது.

இக்கருத்தை ஹங்கேரியர் பலர் விரும்பவில்லை. தங்கள் முன்னோர் பரந்த புல்வெளிகளில் குதிரையேறி வந்த வீரர்கள் என்று அவர்கள் பெருமைகொண்டிருந்தனர். பனிக்காடுகளில் மீன் பிடித்தும் கலைமான் மேய்த்தும் வாழும் எளிய மக்கள் தங்கள் உறவினரா என்று முகஞ்சுளித்தனர். மீன் வாடை வீசும் உறவு என்று அதனைக் கேலி செய்தோரும் உண்டு. 1848, 1849ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரியப் பேரரசை எதிர்த்து நடத்திய விடுதலைப் போரில் ஹங்கேரி தோல்வி கண்டபின், பழம்பெருமையைப் பற்றிய ஏக்கம் மேலும் மிகுந்தது. எனவே, மொழியின் பிறப்பைப் பற்றிய கேள்வி அறிஞர்களின் நூலகத்திற்குள் மட்டும் அடங்கிவிடவில்லை. அது ஒரு நாட்டின் தன்மானத்தைப் பற்றிய கேள்வியாகவும் மாறியது.

ஹங்கேரியம் பின்லாந்து மொழியின் பக்கம் சேருமா, துருக்கிய மொழிகளின் பக்கம் சேருமா? வீட்டில் அமர்ந்து நூல்களைப் புரட்டுவதால் மட்டும் இதற்கு விடை கிடைக்காது என்று வாம்பேரி கருதினார். நடு ஆசியாவில் இன்னும் நாடோடிகளாக வாழும் துருக்கிய மக்களின் பேச்சை நேரில் கேட்க வேண்டும் என்று உறுதி பூண்டார்.

இஸ்தான்புல் வாழ்க்கை

1857ஆம் ஆண்டு, தம் 25ஆம் வயதில், வாம்பேரி இஸ்தான்புல் நகருக்குக் கப்பலேறினார். எழுத்தாளரும் அரசியல் தலைவருமான யோசெஃப் எட்வெஷ் அவருடைய பயணத்திற்கு உதவினார். அங்குப் போய்ச் சேர்ந்தபோது வாம்பேரியின் கையில் பணம் ஏதுமில்லை என்றே கூறலாம். தம் மொழியறிவை மட்டும் முதலாகக் கொண்டு மீண்டும் ஆசிரியத் தொழிலைத் தொடங்கினார். நாளடைவில் உயர் அதிகாரிகளின் இல்லங்களில் பாடம் சொல்லிக் கொடுக்கும் அளவுக்கு மதிப்புப் பெற்றார். 1858ஆம் ஆண்டு ஜெர்மன்-துருக்கி அகராதி ஒன்றையும் வெளியிட்டார்.

அந்நகரில் வாழ்ந்த ஆண்டுகளில் அவர் மொழியை மட்டும் கற்கவில்லை. அம்மக்களின் நடையுடை, தொழுகை முறை, உண்ணும் வழக்கம், விருந்தினரை வரவேற்கும் பண்பு ஆகியவற்றையும் நுணுகிக் கற்றார். ரெஷீத் எஃபெந்தி என்னும் பெயரால் அங்குள்ளோர் அவரை அழைத்தனர். பின்னாளில் அவர் உயிரைக் காத்தது இந்தப் பயிற்சியே ஆகும்.

ஹங்கேரிய அறிவியல் கழகம் 1860ஆம் ஆண்டு அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. மறு ஆண்டு, நடு ஆசியப் பயணத்திற்காக 1000 ஃபுளோரின் பணத்தையும் வழங்கியது. காலூனமுற்ற ஒருவர் இத்தகைய கடும் பயணத்தை மேற்கொள்ள முடியுமா என ஐயுற்றவர்களும் இருந்தனர். அவரோ தம் முடிவிலிருந்து பின்வாங்கவில்லை.

கந்தலாடைப் பயணி

1862ஆம் ஆண்டு வாம்பேரி பாரசீகத்தின் தலைநகரான தெஹ்ரானை அடைந்தார். அதற்கு அப்பால் இருந்த கிவா, புகாரா, சமர்கண்ட் ஆகிய நகரங்கள் இன்றைய உஸ்பெகிஸ்தான் நாட்டில் உள்ளன. அன்று அங்கு ஐரோப்பியர் செல்வது உயிருக்கே ஆபத்தானது. புகாராவுக்குச் சென்ற ஸ்டோடார்ட், கொனொலி என்னும் ஆங்கில அதிகாரிகள் இருவர் 1842ஆம் ஆண்டு ஒற்றர்கள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தனர்.

தெஹ்ரானில் இருந்த துருக்கித் தூதரகத்திற்கு, ஹஜ் கடமையை முடித்துத் தாயகம் திரும்பும் நடு ஆசியப் பயணிகள் உதவி நாடி வருவதுண்டு. அவர்களுள் ஹாஜி பிலால் என்பவரோடு வாம்பேரி நட்புக் கொண்டார். புனிதத் தலங்களைக் காண விரும்பும் துருக்கிய தர்வேஷாக, அதாவது உலகப்பற்றைத் துறந்த சமயத் துறவியாக, அவர்களோடு சேர்ந்துகொண்டார். தம் நல்லாடைகளைக் களைந்து கந்தலை அணிந்தார். 1863ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் அக்குழு தெஹ்ரானிலிருந்து புறப்பட்டது.

காஸ்பியன் கடலின் கரையில் கொமுஷ் தெப்பே என்னும் இடத்தில் துர்க்மேனிய நாடோடிகளின் குடியிருப்பு இருந்தது. அங்குதான் வாம்பேரி மேய்ச்சல் வாழ்க்கையை முதன்முதலாக அருகிலிருந்து கண்டார். கம்பளத் துணி போர்த்திய வட்டக் கூடாரங்களில் அம்மக்கள் வாழ்ந்தனர். ஆடு, ஒட்டகம், குதிரை ஆகியவையே அவர்களின் செல்வம். புல் இருக்கும் இடமே அவர்களின் ஊர். அறிமுகமில்லாத விருந்தினருக்கும் அவர்கள் உணவளித்தனர். அதே வேளையில், பாரசீகத்திலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் அங்கே சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த கொடுமையையும் அவர் கண்டார். விருந்தோம்பலும் கொடுமையும் ஒரே இடத்தில் நிலவுவதைக் கண்டு அவர் மனம் கலங்கினார். இவ்விரண்டையுமே தம் நூலில் மறைக்காமல் எழுதினார்.

அந்தக் கூடாரங்களில் அவர் செவிகள் ஓயாது விழித்திருந்தன. ஆட்டுக்கடாவுக்கு ஹங்கேரியத்தில் 'கோஷ்' என்று பெயர். துருக்கியில் அது 'கோச்'. ஹங்கேரியர் காளையைப் 'பிக்கா' என்பர். துருக்கியர் 'போகா', 'புகா' என்பர். ஒட்டகத்திற்கு ஹங்கேரியச் சொல் 'தெவெ'. துருக்கிச் சொல்லும் ஏறத்தாழ அதுவே. ஹங்கேரியர் கூடாரத்தைச் 'சாதோர்' என்பர். துருக்கியர் அதனைச் 'சாதிர்' என்பர். தாடிக்கு இரு மொழிகளிலும் 'சகால்' என்றே பெயர்.

கேட்டவற்றை அவரால் வெளிப்படையாகக் குறித்துக்கொள்ள முடியவில்லை. எழுதுவதை யாரேனும் பார்த்தால் ஒற்றர் என்னும் ஐயம் எழும். ஆகவே, சிறு பென்சில் துண்டால், ஹங்கேரிய மொழியை அரபு எழுத்துகளில் எழுதிக் கந்தலாடைக்குள் மறைத்து வைத்தார்.

மணலில் கிடைத்த உயிர்

பயணம் பாலைவனத்திற்குள் நுழைந்தது. ஒட்டகத்தின் இருபுறமும் கட்டப்பட்ட மரக்கூடைகளில் ஒன்றில் வாம்பேரியும் மற்றொன்றில் ஹாஜி பிலாலும் அமர்ந்து செல்வர். கிவா நகரை அடைந்து அந்நாட்டு மன்னரின் முன் நின்றபோதும், தர்வேஷுக்குரிய தோரணை குன்றாமல் பேசி அவர் தப்பினார்.

கிவாவிலிருந்து புகாராவுக்குச் செல்லும் வழியில்தான் பெருந்துன்பம் நேர்ந்தது. கொள்ளையருக்கு அஞ்சிய பயணக் குழு, வழக்கமான பாதையை விட்டு விலகி, கலாத்தா என்னும் நீரற்ற பாலைவழியே சென்றது. கோடைக் காலம் உச்சத்தில் இருந்தது. கொண்டு வந்த நீர் தீர்ந்தது. ஒட்டகங்கள் விழுந்து மடிந்தன. உடன் வந்த ஒருவர் தாகத்தாலேயே உயிர் நீத்தார். சூடான மணற்புயலும் வீசியது. வாம்பேரி தம் நினைவை இழந்தார்.

கண் விழித்தபோது அவர் ஒரு மண்குடிசையில் கிடந்தார். அவரைச் சுற்றிச் சிலர் நின்றனர். அவர்கள் ஆடு மேய்ப்பதற்காக முதலாளிகளால் பாலைவனத்திற்கு அனுப்பப்பட்ட பாரசீக அடிமைகள். அவர்கள் தப்பி ஓடிவிடக் கூடாது என்பதற்காகக் குடிநீரைக்கூட அவர்களுக்கு அளந்தே கொடுத்திருந்தனர். அவ்வாறு அளந்து கிடைத்த நீரைத்தான் அவர்கள் பயணிகளோடு பகிர்ந்துகொண்டனர். வாம்பேரிக்கு முதலில் வெதுவெதுப்பான பாலையும், பின்னர்ப் புளித்த பாலில் நீரும் உப்பும் கலந்த 'அய்ரான்' என்னும் பானத்தையும் கொடுத்து உயிர்ப்பித்தனர். தம்மிடம் ஒன்றுமே இல்லாத மேய்ப்பர்கள் கொடுத்த அந்த உதவியை அவர் தம் பயண நூலில் நன்றியோடு பதிவு செய்தார்.

புகாராவையும் சமர்கண்டையும் கண்டபின், வாம்பேரி தம் தோழர்களைப் பிரிந்தார். பல மாதங்களாகத் தம்மை நம்பித் தோள் கொடுத்த ஹாஜி பிலாலிடம் தாம் யார் என்னும் உண்மையைச் சொல்ல முடியாமல் விடைபெற்றது அவருக்கு ஆறாத வருத்தமாக இருந்தது. திரும்பும் வழியில் ஹெராத் நகரின் இளம் ஆளுநர் அவரை ஐரோப்பியர் எனச் சந்தேகித்தார். அந்தச் சோதனையிலிருந்தும் நிதானம் இழக்காமல் தப்பி, 1864ஆம் ஆண்டு சனவரி மாதம் அவர் தெஹ்ரானை மீண்டும் அடைந்தார்.

புகழும் பணியும்

அதே ஆண்டு வாம்பேரி இலண்டன் சென்றார். அவர் ஆங்கிலத்தில் எழுதிய நடு ஆசியப் பயண நூல் அவ்வாண்டிலேயே வெளியாகிப் பெரும்புகழ் பெற்றது. பின்னர்த் தாயகம் திரும்பிய அவர், 1865ஆம் ஆண்டு முதல் பெஸ்ட் பல்கலைக்கழகத்தில் கீழ்த்திசை மொழிகளைக் கற்பித்தார். ஏறத்தாழ 40 ஆண்டுகள் அப்பணியில் நீடித்தார். துருக்கிய நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிய இக்னாட்ஸ் கூனோஷ் அவருடைய மாணவர்களுள் ஒருவர்.

வாம்பேரியோடு நடு ஆசியாவிலிருந்து வந்தவர் இஸ்ஹாக் என்னும் இளம் முல்லா. மக்காவுக்குச் செல்லும் எண்ணத்தோடு புறப்பட்ட அவர், வாம்பேரியின் மீது கொண்ட அன்பால் ஹங்கேரிக்கே வந்து சேர்ந்தார். அறிவியல் கழகத்தின் நூலகத்தில் பணியாற்றி, ஹங்கேரிய மொழியையும் கற்று, அந்நாட்டிலேயே தம் இறுதிக் காலம்வரை வாழ்ந்தார்.

சொற்போர்

தாம் திரட்டிய சொற்களைத் துணையாகக் கொண்டு, ஹங்கேரியத்திற்கும் துருக்கிய மொழிகளுக்கும் இடையிலான ஒற்றுமைகளை விளக்கும் ஆய்வு ஒன்றை 1870ஆம் ஆண்டளவில் வாம்பேரி வெளியிட்டார். ஹங்கேரியம் துருக்கிய மொழிகளோடு மிக நெருங்கிய உறவுடையது என்பது அவர் கருத்து. பழைய பைசாந்தியப் பேரரசின் நூல்களும் ஹங்கேரியரைத் துருக்கியர் என்றே குறித்திருந்தன. புல்வெளி வீரர்களின் வழித்தோன்றல்களாகத் தங்களைக் கருதிய மக்கள் இக்கருத்தை மகிழ்ச்சியோடு வரவேற்றனர்.

ஆனால், யோசெஃப் புடென்ஸ் என்னும் மொழியியல் அறிஞர் இதனை மறுத்தார். ஜெர்மனியில் பிறந்து ஹங்கேரிக்கு வந்து அந்நாட்டு மொழியை ஆழமாகக் கற்றவர் அவர். 1871ஆம் ஆண்டு, வாம்பேரியின் சொற்பட்டியலை ஒவ்வொன்றாக ஆராய்ந்து தம் மதிப்பீட்டை வெளியிட்டார். ஒலியில் ஒத்திருப்பதாலேயே இரு சொற்கள் உறவாகிவிடா என்பது அவருடைய வாதம். ஒற்றுமை ஒரு விதிக்குக் கட்டுப்பட்டுத் திரும்பத் திரும்ப வர வேண்டும். அதுவும் அடிப்படைச் சொற்களில் வர வேண்டும்.

எடுத்துக்காட்டாக, மீனுக்கு ஹங்கேரியத்தில் 'ஹல்', பின்லாந்து மொழியில் 'கலா' என்று பெயர். மூன்று என்னும் எண் அங்கே 'ஹாரோம்', இங்கே 'கொல்மே'. ஒன்றில் ககரம் வரும் இடத்தில் மற்றொன்றில் ஹகரம் வருகிறது. மரத்திற்கு ஹங்கேரியத்தில் 'ஃபா', பின்லாந்து மொழியில் 'பூ'. பறவைக் கூட்டிற்கு 'ஃபேசெக்', 'பெசா'. இங்கே பகரத்திற்கு ஈடாக ஃபகரம் வருகிறது. கை, நீர், இரத்தம் போன்ற சொற்களிலும் இவ்விரு மொழிகளும் ஒத்துள்ளன. உடலுறுப்பு, எண், இயற்கை ஆகியவற்றைக் குறிக்கும் இத்தகைய சொற்களை மக்கள் பிறரிடமிருந்து எளிதில் கடன் வாங்குவதில்லை. எனவே, ஹங்கேரியத்தின் வேர் பின்லாந்து மொழியின் குடும்பத்தில்தான் உள்ளது என்பது புடென்ஸின் முடிவு.

வாம்பேரி எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. 1882ஆம் ஆண்டு ஹங்கேரியரின் தோற்றத்தைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதி, ஹங்கேரியர் கலப்பினத்தவர் என்றும், அக்கலப்பில் துருக்கியக் கூறே மேலோங்கியது என்றும் வாதிட்டார். செய்தித்தாள்களும் பொதுமக்களும்கூட இரு தரப்பாகப் பிரிந்து வாதாடினர். பின்னாளில் இவ்வாதம் உகோரிய-துருக்கியப் போர் என்றே பெயர் பெற்றது. ஆயுதமின்றிச் சொற்களைக் கொண்டே நடந்த போர் அது. முடிவில் மொழியியலாளர்கள் புடென்ஸின் கருத்தையே ஏற்றனர்.

சொற்கள் சொன்ன வரலாறு

அப்படியாயின், வாம்பேரி பாலைவனத்தில் பட்ட பாடெல்லாம் வீணா? இல்லை. அவர் செவியில் விழுந்த ஒற்றுமைகள் பல உண்மையானவையே. அவற்றுக்கு அவர் கொடுத்த விளக்கம்தான் தவறானது. அவை பிறப்பால் வந்த சொற்கள் அல்ல. அண்டை வீட்டாரிடமிருந்து வந்த கடன் சொற்கள்.

நாம் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். மலாய்மொழியில் 'கெடாய்' என்பது நம் 'கடை'. 'கப்பால்' என்பது நம் 'கப்பல்'. இதனால் மலாயும் தமிழும் ஒரே குடும்ப மொழிகள் ஆகிவிடா. ஆனால், வணிகர்கள் கடல் கடந்து வந்து பழகிய வரலாற்றை அச்சொற்கள் நமக்குச் சொல்கின்றன. ஹங்கேரியத்தில் உள்ள துருக்கியச் சொற்களும் அவ்வாறே ஒரு வரலாற்றைச் சொல்கின்றன.

அச்சொற்களைக் கூர்ந்து நோக்கிய அறிஞர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். எருதுக்குத் துருக்கியில் 'ஒக்கூஸ்', ஹங்கேரியத்தில் 'ஒக்கொர்'. கடலுக்குத் துருக்கியில் 'தெனிஸ்', ஹங்கேரியத்தில் 'தெங்கெர்'. துருக்கிச் சொல்லில் ஸகரம் உள்ள இடத்தில் ஹங்கேரியச் சொல்லில் ரகரம் உள்ளது. துருக்கிய மொழிகளுள் வோல்கா ஆற்றங்கரையில் வழங்கும் சுவாஷ் மொழியில்தான் இத்தகைய ரகரம் காணப்படுகிறது. எனவே, ஹங்கேரியரின் முன்னோர் இச்சொற்களுள் பலவற்றைச் சுவாஷ் மொழிக்கு நெருங்கிய ஒரு பழந்துருக்கிய மொழியைப் பேசிய பல்கார் மக்களிடமிருந்து பெற்றனர் என்பது தெளிவாயிற்று. சோல்தான் கோம்போட்ஸ் என்னும் அறிஞர் 1912ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இதனை விரிவாக நிறுவியது.

அந்தக் கடன் சொற்கள் எவற்றைக் குறிக்கின்றன என்று பாருங்கள். காளை, எருது, கன்று, ஆட்டுக்கடா, கம்பளி, பாலாடைக்கட்டி, கூடாரம், கோதுமை, வாற்கோதுமை, ஆப்பிள் ஆகியவை அவற்றுள் சில. மந்தை வளர்ப்பையும் உழவையும் அம்மக்கள் யாரோடு கூடி வாழ்ந்து செழுமைப்படுத்தினர் என்பதற்கு இவற்றைவிடச் சிறந்த சான்று வேண்டுமா? ஹங்கேரியரை வழிநடத்தி வந்த ஆர்பாட்டின் பெயரும் வாற்கோதுமையைக் குறிக்கும் 'அர்பா' என்னும் சொல்லிலிருந்து பிறந்ததே என்பர்.

குதிரையின் கதையோ வேறு. குதிரையைக் குறிக்கும் 'லோ', சேணத்தைக் குறிக்கும் 'ஞெரெக்' ஆகிய ஹங்கேரியச் சொற்கள் துருக்கியிலிருந்து வந்தவை அல்ல. சைபீரியாவில் ஓப் ஆற்றுப் பகுதியில் வாழும் மான்சி, காந்தி இன மக்களின் மொழிகளில் இவற்றை ஒத்த சொற்கள் உள்ளன. அம்மொழிகளே ஹங்கேரியத்திற்கு மிக நெருங்கிய உறவு மொழிகள். இன்று வேட்டையாடியும் மீன் பிடித்தும் கலைமான் மேய்த்தும் வாழும் அம்மக்களின் முன்னோர், ஒரு காலத்தில் ஹங்கேரியரின் முன்னோரோடு சேர்ந்து குதிரைகளை அறிந்திருந்தனர் என்பதை இச்சொற்கள் காட்டுகின்றன. மீன் வாடை வீசுபவர்கள் என்று ஒதுக்கப்பட்ட உறவினரிடமே ஹங்கேரியரின் குதிரைச் சொற்களின் வேரும் இருந்தது. பெருமைக்காக ஒரு தரப்பை மட்டும் தேர்ந்தெடுத்தவர்கள் இதனைக் கண்டிருக்க முடியாது.

நிறைவு

வாம்பேரி 1913ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் புடாபெஸ்ட் நகரில் காலமானார். ஹங்கேரியருக்கும் துருக்கியருக்கும் உள்ள உறவைப் பற்றி அவர் எழுதிய இறுதி நூல், அவர் மறைந்த மறு ஆண்டு வெளிவந்தது. தம் கருத்தை அவர் கடைசிவரை முற்றாகக் கைவிடவில்லை.

அவருடைய முடிவை இன்றைய மொழியியலாளர் ஏற்பதில்லை. எனினும், அவரை யாரும் மறக்கவில்லை. ஏழ்மையும் ஊனமும் தடுத்தும் தளராமல் கற்றார். கேள்விப்பட்டதை நம்பியிராமல், உயிரைப் பணயம் வைத்து நேரில் சென்று கேட்டார். அவர் தொடங்கிய வாதம்தான், வேர்ச்சொல் எது, கடன்சொல் எது என்று பகுத்தறியும் முறையை ஹங்கேரிய மொழியியலில் கூர்மையாக்கியது. அவரை மறுத்தவர்களும் அவருடைய கேள்விக்கு விடை தேடியே முன்னேறினர்.

ஒரு மொழி யாருக்குப் பிறந்தது என்பது ஒரு கேள்வி. அது யாரோடு வாழ்ந்தது என்பது மற்றொரு கேள்வி. ஹங்கேரிய மொழி வடக்குக் காடுகளின் வேரையும், புல்வெளி மேய்ப்பர்களின் நட்பையும் ஒருங்கே தன்னுள் சுமந்து வருகிறது. நாம் அன்றாடம் பேசும் சொற்களிலும் இத்தகைய பயணங்களின் சுவடுகள் பதிந்துள்ளன. நாம் விரும்பும் விடையை அச்சொற்களின் மேல் ஏற்றாமல், அவை கூறும் வரலாற்றுக்குச் செவிசாய்ப்பதே மொழியைக் கற்பவரின் கடமையாகும்.